அப்பாவுக்குத் தெரியாமல் கஞ்சியில் மாத்திரை கலக்கிறேன், தப்பா?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 57, விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சுகரும் பி.பி.யும் சில வருஷமாக உண்டு, அதற்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நாலு மாதம் முன்னால் நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் ஒரு நர்ஸ் தாளைப் படித்துக் காட்டிவிட்டு, ஒரு பை நிறைய மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பா ஒரு வாரம் சாப்பிட்டார், அப்புறம் "இவ்வளவு மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று ஒதுக்கிவிட்டார். அதனால் மகள் அந்தப் பையிலுள்ள மாத்திரைகளைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் கஞ்சியில் கலந்து கொடுத்து வருகிறார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த க்ளோபிடோக்ரெல் மட்டும் கலக்கவில்லை. கையில் மீன் முள் குத்தி ரத்தம் நெடுநேரம் நிற்காமல் வந்ததைப் பார்த்துப் பயந்து, "ஆஸ்பிரின்தான் இருக்கே" என்று இரண்டு வாரமாக அதை நிறுத்திவிட்டார். போன தடவை கடலில் அப்பாவுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்து, கண் இருட்டி, வலையைக்கூடப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம்.

கேள்விகள் மூன்று. கலந்து கொடுப்பது தப்பா? படிக்காத அப்பாவுக்குப் பதிலாக எனக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாதா? ஒன்றும் விளக்காமல் அனுப்பிய ஆஸ்பத்திரி மேல் கேஸ் போடலாமா?

சகோதரிக்கு,

நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மருந்தாளுநர், இதய டாக்டர் இல்லை. எந்த மாத்திரையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வருவது, ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்று இரண்டு பையிலும் இருக்கிற மாத்திரைப் பெயர்களை நீங்கள் அழகாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியல் உங்கள் கடிதம் கேட்காத சில விஷயங்களையும் சொல்கிறது.

இன்றைக்கே ஒரு போன்

மற்றதெல்லாம் அப்புறம். ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்கு இன்றே போன் போட்டு, "க்ளோபிடோக்ரெல் இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை, நாலு மாதம் முன்னால் ஸ்டென்ட் வைத்தது" என்று சொல்லுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் தாளோடு அப்பாவை அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், ஸ்டென்ட் ஒரு கம்பிவலை. ரத்தக்குழாயின் உள்தோல் அதன் மேல் மெல்லப் படர்ந்து மூடுகிற வரைக்கும் அந்தக் கம்பியில் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகும் அபாயம் இருக்கிறது, கட்டியானால் மறுபடி மாரடைப்புதான். ஆஸ்பிரின் தட்டணுவை ஒரு வழியில் தடுக்கிறது, க்ளோபிடோக்ரெல் வேறு வழியில் தடுக்கிறது, அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று நீங்கள் நினைத்தது இயல்பு, ஆனால் சரியில்லை. மாரடைப்புக்கு அப்புறம் பொதுவாக ஒரு வருஷம் வரை இரண்டையும் தொடரச் சொல்வார்கள், உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு காலம் என்பது அவருடைய டாக்டர் கணக்கு. நடுவில் பல் பிடுங்கப் போனால்கூட, பல் டாக்டர் சொன்னார் என்று நிறுத்தாமல் இதய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

முள் குத்தினால் ரத்தம் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வரும், அது இந்த மருந்தோடு எதிர்பார்க்கிற விஷயம்தான். சுத்தமான துணியை வைத்துப் பத்து பதினைந்து நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், நின்றுவிட்டதா என்று நடுநடுவே திறந்து பார்க்கக் கூடாது. பயப்பட வேண்டிய ரத்தம் வேறு: மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, இதுவரை வராத கடுமையான தலைவலி, அழுத்தியும் நிற்காத ரத்தம். இவற்றில் எது வந்தாலும் 108தான்.

கஞ்சியில் கலப்பது பற்றி

தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவைக் காப்பாற்ற நினைத்துத்தான் செய்தீர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கடலில் வேர்த்து உட்கார்ந்ததற்கு இந்தக் கலப்பே காரணமாக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வரும் பையில் சுகருக்கு மெட்ஃபார்மின், க்ளிமிபிரைடு, பி.பி.க்கு அம்லோடிபின். அப்பா இதைத் தானாகவே ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிப் பையில் ஒரு கம்பெனிப் பெயரில் இருக்கிற சுகர் மாத்திரையின் உள்ளே இருப்பது என்ன? க்ளிமிபிரைடும் மெட்ஃபார்மினும்தான்! அட்டையில் பெரிதாக இருக்கிற பெயரை விட்டுவிட்டு, அதோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள், நீங்கள் எழுதி அனுப்பியதிலேயே அது இருக்கிறது. ஆக அவர் தெரிந்து ஒன்று, தெரியாமல் ஒன்று என்று ஒரே சுகர் மருந்தை இரண்டு பங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். க்ளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினை வரவைக்கும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுகர் தடாலென்று இறங்கும். படகில் வலை இழுக்கிற வேலை, சாப்பாட்டு நேரமும் ஒழுங்கில்லை. வேர்த்து, கண் இருட்டி உட்கார்ந்தவருக்கு அந்த நேரத்தில் சுகர் பார்த்திருந்தால் 70-க்குக் கீழே இருந்திருக்கும் என்றுதான் முதல் சந்தேகம் எனக்கு.

முதல் சந்தேகம்தான், முடிவு இல்லை. பி.பி. இறங்கியும் இருக்கலாம். பழைய அம்லோடிபினும், ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதிய ராமிப்ரில், மெட்டோப்ரோலாலும் சேர்ந்து பி.பி.யைக் குறைக்கிற மூன்று மருந்து உள்ளே போகின்றன. அம்லோடிபினைத் தொடரவா நிறுத்தவா என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரியும் இல்லை. இது நிறைய வீடுகளில் நடக்கிறது: ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்கள் எழுதியதை மட்டும் பார்ப்பார்கள், வீட்டில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு வேர்வையும் கண் இருட்டலும் இதயத்தாலும் வரலாம் என்பதால், இதே போனில் இந்தச் சம்பவத்தையும் சொல்லிவிடுங்கள். டாக்டர் பார்த்துச் சரி சொல்லும் வரைக்கும் கடலுக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, பொடிப்பது. எல்லா மாத்திரையையும் பொடிக்க முடியாது. உங்கள் பட்டியலில் மெட்டோப்ரோலாலுக்குப் பின்னால் எக்ஸ்.எல். என்றும், சுகர் மாத்திரையில் எஸ்.ஆர். என்றும் இருக்கிறது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற மாதிரி செய்த மாத்திரைகள் அவை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் உடம்பில் ஏறும், சாயங்காலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோலுக்கு மேல்பூச்சு இருக்கிறது, வயிற்று அமிலம் அதைக் கெடுக்காமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு, உடைத்தால் மருந்து வீண். ஆஸ்பிரினில் பூச்சு இருப்பது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க.

அதற்காக நாளையிலிருந்து சும்மா நிறுத்திவிடாதீர்கள். கலப்பதை நிறுத்துங்கள் என்பது மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஆகாது. மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி திரும்ப வரலாம். அப்பாவிடம் இன்றே உட்கார்ந்து, "கஞ்சியில் கலந்து கொடுத்தேன் அப்பா, பயத்தில் செய்துட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். அந்தப் பையின் மாத்திரைகளை முழுசாக அவர் கையிலேயே கொடுங்கள். சுகர் மாத்திரையை மட்டும் இரண்டு பையிலிருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், டாக்டர் வேறு சொல்லும் வரை ஆஸ்பத்திரித் தாளில் இருப்பது மட்டும் போதும். அம்லோடிபினை என்ன செய்வது என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

அவர் எதை நம்பிச் சாப்பிடுகிறார்?

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் ஒன்று உண்டு. மதுரைப் பையை ஒதுக்கிய அதே மனுஷன், வீட்டுக்கு வரும் மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. காரணத்தையும் நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: "அது நம்ம ஊர் பொண்ணு, திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, என்ன சாப்பிட்டீங்க மாமான்னு கேட்டுட்டுத்தான் குடுக்கும்." மாத்திரையைப் பற்றி அவரோடு பேசியது அந்தப் பெண் ஒருத்திதான், அதனால் அவள் கொடுப்பதைச் சாப்பிடுகிறார். மதுரையில் பேசியது உங்களோடு, அதுவும் பில் கவுன்டரில். அவர் பிடிவாதக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதனால் "எனக்கு மட்டும் சொன்னால் போதாதா" என்ற கேள்விக்கு என் பதில், போதாது. கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் வாங்கிக் காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை என்கிறீர்கள், அந்த ராத்திரியில் நீங்கள் கூட இருக்கப் போவதில்லை. படிக்காதவர் என்கிறீர்கள். நாற்பது வருஷம் காற்றும் நீரோட்டமும் பார்த்துத் தொழில் செய்தவருக்கு எட்டு மாத்திரையை ஞாபகம் வைக்க எழுத்து தேவையில்லை. ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு காரணம் தெரிந்தால் போதும். "இது ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க", "இது நெஞ்சு படபடப்பு அடங்க", "இது கொழுப்புக்கு". ஒரே நாளில் எட்டையும் சொல்லாதீர்கள், முதல் நாள் ஸ்டென்ட் மாத்திரை இரண்டும் போதும். சொல்லி முடித்ததும் புரிந்ததா என்று கேட்காதீர்கள், யாரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். "அம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர் வாயால் திரும்பச் சொல்ல வையுங்கள். தப்பாகச் சொன்னால் நாம் சொன்ன விதம் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு மாதிரிச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்வதும் இதேதான்.

கிட்னி பயத்துக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள், சிரித்துத் தள்ளாதீர்கள். சுகரும் பி.பி.யும் கட்டுக்குள் இல்லாமல் இருப்பதுதான் கிட்னியைக் கெடுப்பதில் முதல் ஆள். ராமிப்ரில், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பார்ப்பது வழக்கம், செக்கப்பில் கேட்டுப் பாருங்கள். அவர் பயப்பட வேண்டிய மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அது பெட்டிக்கடையில் வாங்கி வைத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதிய அந்த உடம்புவலி மாத்திரை, டைக்ளோஃபெனாக். வலை இழுத்த வலிக்கு அதைப் போடுவது எல்லாப் படகிலும் உண்டு. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அது ஆபத்து, ராமிப்ரிலோடு சேர்ந்தால் கிட்னிக்குக் கேடு, ஆஸ்பிரினோடும் க்ளோபிடோக்ரெலோடும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாமா, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுகர் டெஸ்டில் நார்மல் வந்தது, இனி எதற்கு என்கிறாராம். நார்மல் வந்தது மாத்திரையால், அவ்வளவுதான்.

அரசு மாத்திரைக்குப் பவர் இல்லை என்று உங்கள் மாமா சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மருந்து வாங்கி விநியோகிக்கிறது, ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஆஸ்பத்திரித் தாளில் உள்ள எவையெல்லாம் அரசு வழியில் கிடைக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பாதி செலவு குறையலாம், இரண்டு பையும் ஒரு பையாகிவிடும்.

கடலுக்குப் போகிற நாளில்

மருந்துச் சீட்டில் 1-0-1, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்று எழுதுவதெல்லாம் கரையில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்களுக்காக எழுதுவது. உங்கள் அப்பாவின் ஒரு நாளை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்: எப்போது கிளம்புகிறார், படகில் எத்தனை மணிக்குச் சோறு, எப்போது தூக்கம். சில மாத்திரைகளை நேரம் மாற்றிக்கொள்ளலாம். உதாரணத்துக்குக் கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினை ராத்திரிதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதைக் காலையில் வீட்டிலேயே போட முடியுமா என்று கேட்கலாம். க்ளிமிபிரைடு மட்டும் சாப்பாட்டோடுதான். சோறு இல்லையென்றால் அதுவும் இல்லை என்று அப்பா மனசில் பதிய வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோக வேண்டாம், உப்புக் காற்றிலும் எஞ்சின் சூட்டிலும் நமத்துவிடும். அன்றைக்கு வேண்டியதை அட்டையோடு வெட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற துண்டு வீட்டில் மிஞ்சுகிற மாதிரி வெட்டுங்கள். பின்னால் எப்போதாவது இன்சுலின் எழுதினால், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மீன் ஐஸுக்குள் புதைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் தூக்கிப் போடத்தான் லாயக்கு.

படகு டிரைவருக்கும் கூடப் போகிறவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவருக்குச் சுகர் இறங்கினால் கை நடுக்கமும் படபடப்பும் சரியாக வெளியே தெரியாது, வேர்வை மட்டும் கொட்டும். பித்தம், வெயில் என்று விட்டுவிடாமல், நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி கொடுத்து, அப்புறம் சோறு சாப்பிட வைக்க வேண்டும். தெளிந்த பிறகும் மறுபடி இறங்கலாம், அதனால் தனியாக விடக் கூடாது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நெஞ்சுவலி என்றால் உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், அவர் ஒரு தடவை செய்த மாதிரி தண்ணீர் ஊற்றி விழுங்கக் கூடாது. படகை உடனே கரைக்குத் திருப்ப வேண்டும், கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையும் சாப்பாடும் மாறும், சுகரும் மாறும். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்க உரிமை உண்டா, கேஸ் போடலாமா?

கேட்க உரிமை உண்டு. 2015-இல் வந்த மருந்தாளுமை நடைமுறை விதிகளின்படி, மருந்து கொடுக்கும் பதிவு பெற்ற மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்க வேண்டியவை என்று ஒரு பட்டியலே இருக்கிறது: மருந்தின் பெயர், எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு, எப்படிப் பத்திரப்படுத்துவது, வேளை தவறினால் என்ன செய்வது. விதி இருந்தும் பெரும்பாலான கவுன்டர்களில் இது நடப்பதில்லை, என் துறையைப் பற்றி நானே சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது இரண்டு பையையும், பெட்டிக்கடை மாத்திரையையும், நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அதையும் அள்ளிக்கொண்டு போய், "மருந்தாளுநர் அப்பாவோடு பத்து நிமிஷம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே மருந்தியல் படித்தவர்கள் இருக்கிறார்கள், யாரும் கேட்காததால் பல இடங்களில் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், கேள்வியை அப்பா கேட்கட்டும்.

கேஸ் விஷயத்தில் நான் வக்கீல் இல்லை. எந்தப் புகாருக்கும் முதலில் காகிதம் வேண்டும். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி, அதன்படி மனு கொடுத்து நகல் வாங்கி வையுங்கள். பழைய சுகர், பி.பி. மாத்திரைகளை அட்மிஷனில் யாராவது கேட்டுக் குறித்திருக்கிறார்களா என்று அதில் பாருங்கள். மேலே போவதா வேண்டாமா என்று வக்கீலிடம் பேசுவதானால் அந்த நகலோடு போங்கள், அதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. க்ளோபிடோக்ரெல் போனை மட்டும் இதைப் படித்து முடித்த கையோடு போட்டுவிடுங்கள்.